ஒரத்துப்பாளையம்: தண்ணீரைத் தேக்காதே என்று விவசாயி கேட்ட அணை

நொய்யல் ஆற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஓர் அணை கட்டினார்கள். 1992இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோட்டுப் பகுதியில் கொஞ்சமும் கரூர்ப் பகுதியில் பெரும்பகுதியுமாகப் பத்தாயிரம் ஏக்கருக்குக் குறையாத நிலம் இதனால் பாசனம் பெறும் என்பது திட்டம். ஐந்தாறு ஆண்டுகள் போவதற்குள் அந்தப் பாசன விவசாயிகளே அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம், தேங்கியதை எங்கள் வாய்க்காலில் திறந்துவிடவும் வேண்டாம் என்று அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் முறையிட்டார்கள். தண்ணீர் கேட்டுப் போராடுவதே வழக்கமாக இருக்கும் ஒரு மாநிலத்தில், வந்த தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு விவசாயி தள்ளப்பட்டான் என்றால் அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டும்.

திருப்பூரின் சாயக்கழிவு இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அது சரிதான், ஆனால் பாதிதான். ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடிய படங்கள் நாளிதழ்களில் வந்ததால் நிறம்தான் குற்றவாளி என்று மனதில் பதிந்துவிட்டது. நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததில் பெரும்பங்கு நிறமில்லாத உப்புக்கு. நிறம் வந்த சாயத்தின் மூலக்கூறுகளோ, நிறம் போன பிறகுதான் உடம்புக்கு அதிக ஆபத்தாகின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காததால்தான் இவ்வளவு பெரிய வழக்கில் நிலத்துக்கு இழப்பீடு கிடைத்தது, உடம்புக்குக் கணக்கே எடுக்கப்படவில்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான்.

சாயப்பட்டறைக்குள்

பருத்தித் துணிக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை ரியாக்டிவ் சாயங்கள். தண்ணீரில் இவை எதிர்மின்னேற்றத்துடன் இருக்கும். நனைந்த பருத்தி நூலின் மேற்பரப்பும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலை உடைத்துச் சாயத்தை நூலுக்குள் அனுப்பத்தான் உப்பு. சாதாரணச் சமையல் உப்பு அல்லது குளோபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட், சாயநீரில் லிட்டருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை, கருநிறத்துக்கு அதற்கு மேலும் போடுவார்கள். பிறகு சோடா உப்பு போட்டுச் சாயத்தை நூலோடு பிணைப்பார்கள்.

ஒரு கிலோ பனியன் துணிக்கு எட்டு லிட்டர் சாயநீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று எடுத்துக்கொண்டால் 480 கிராம். துணியின் எடையில் ஏறத்தாழப் பாதி உப்பு. துணியைத் தொட்டியில் சுழற்றிச் சாயம் தோய்க்கும் பழைய வின்ச் இயந்திரங்கள் இதைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிப்பவை. அவற்றில் உப்பும் அதற்கேற்பக் கூடும். இதில் ஒரு கிராம் உப்புகூடத் துணியில் தங்குவதில்லை. சாயத்தை உள்ளே தள்ளிவிட்டு அது அப்படியே வெளியேறிவிடும். போட்ட சாயத்திலும் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட நூலில் ஒட்டாமல் கழிவோடு போய்விடும். அதற்கு முன் சலவைப்பட்டறையில் துணியை வெளுக்கப் போட்ட பிளீச்சிங் பவுடர், காரம், அமிலம், சோப்பு எல்லாம் தனி.

2000களின் நடுவில் திருப்பூரில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்குக் குறையாமல் கழிவுநீரை வெளியேற்றின. லிட்டருக்கு 6 கிராம் கரைந்த உப்பு என்று குறைத்து வைத்தாலே நாளுக்கு 480 டன். ஆண்டு முழுவதும் ஓடாத, மழைக்காலத்தில் மட்டும் பெருகும் ஓர் ஆற்றில் ஒவ்வொரு நாளும் நாற்பது ஐம்பது லாரி உப்பைக் கொட்டியதற்குச் சமம்.

சுத்திகரிப்பு நிலையம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வரத் தொடங்கின. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படிய வைத்தார்கள். வெளியே வந்த நீர் தெளிவாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் திருப்தியோடு போனார்கள். கரைந்த உப்பை இந்த முறை துளியும் எடுக்காது. போட்ட ரசாயனத்தால் அது இன்னும் சற்றுக் கூடும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புள்ள நீரை வெளியே விடக் கூடாது என்ற விதி காகிதத்தில் இருக்கும்போதே, அதைப் போல மூன்று மடங்கு உப்புள்ள நீர் ஆற்றில் கலந்துகொண்டிருந்தது. உப்பை எடுக்கவே முடியாத ஒரு முறைக்குக் கோடிக்கணக்கில் செலவழித்ததை அறியாமை என்று என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. கழிவில் உப்பு எவ்வளவு என்பது சாயம் போடுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும், மூட்டைக் கணக்கில் வாங்கிப் போட்டவர்கள் அவர்கள்தானே.

ஆற்றிலிருந்து கிணற்றுக்கு

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து பேரூர், கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கருகே காவிரியில் கலக்கும் ஆறு இது. கோவையின் சாக்கடையும் முலாம்பூசும் பட்டறைக் கழிவும் மேலேயே கலந்துவிடுகின்றன. திருப்பூரைத் தாண்டியபின் அணை குறுக்கே நின்றது. ஓடிப்போயிருக்க வேண்டிய கழிவு அங்கே தேங்கியது, வெயிலில் ஆவியாகிச் செறிவானது, அடியில் படிந்தது, பக்கவாட்டில் கசிந்து கிணறுகளுக்குப் போனது.

அணையைச் சுற்றிய ஊர்களில் கிணற்று நீர் முதலில் சவர்த்தது. பிறகு நுரைத்தது. சில இடங்களில் நிறமாகவே ஊறியது. தென்னை குரும்பை உதிர்த்தது, காய் சிறுத்தது. இளநீரே கரித்தது என்று விவசாயிகள் அதிகாரிகளிடம் சொன்னார்கள். காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன மண் அது. மாட்டுக்குச் சினை நிற்பதில்லை, நின்றாலும் கலைகிறது என்ற புகாரும் ஊருக்கு ஊர் எழுந்தது.

மண்ணுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். பாய்ச்சிய நீரிலுள்ள சோடியம் மண்ணின் களித்துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைக்கும். ஈரத்தில் சேறு, காய்ந்தால் கல். மேலே பெய்த மழை உள்ளே இறங்காது. உப்பு மட்டும் சேர்ந்த உவர் நிலமாக இருந்தால் நல்ல நீர் பாய்ச்சிக் கழுவிவிடலாம். சோடியம் இப்படிப் பிடித்துக்கொண்ட களர் நிலமாகிவிட்டால் ஜிப்சம் போட்டு, நல்ல நீர் விட்டு, பல ஆண்டுகள் பாடுபட வேண்டும். நல்ல நீர்தான் அங்கே இல்லையே.

திருப்பூர் தன் நிலத்தடி நீரைத் தானே பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்தது. சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரியில் நீர் வாங்கிச் சாயம் போட்டார்கள். பிறகு பவானிக்கு அருகே காவிரியிலிருந்து குழாய் பதித்து ஆலைகளுக்கும் ஊருக்கும் நீர் கொண்டுவந்தார்கள். நல்ல நீர் நகரத்துக்கு வந்தது. கெட்ட நீர் கீழே இருந்த கிராமங்களுக்குப் போனது.

உடம்புக்கு என்ன ஆகும்

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 3,000 மில்லிகிராம் இருக்கும் கிணற்றை எடுத்துக்கொள்வோம். வெயிலில் காட்டு வேலை செய்யும் ஒருவர் நாளுக்கு நான்கு லிட்டர் குடிக்கிறார் என்றால் தண்ணீர் வழியாக மட்டும் 12 கிராம் உப்புகள் உள்ளே போகின்றன. அத்தனையும் சமையல் உப்பு அல்ல. கால்சியம், மெக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்தது. இருந்தாலும், ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உணவு, நீர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ரத்த அழுத்தக்காரருக்கு மருத்துவர் குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்வார். கிணற்று நீரைப் பற்றிக் கேட்கும் மருத்துவர் குறைவு.

உப்பு நீர் குடிப்பதால் வரும் கேடு வெறும் அனுமானம் அல்ல. வங்கதேசத்தின் கடலோரமான டாகோப் பகுதியில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள், குடிநீரில் உப்பு கூடக் கூட கர்ப்பகால ரத்த அழுத்தமும், அது முற்றி வரும் கர்ப்பகால வலிப்பும் அதற்கு முந்தைய நிலையும் கூடுவதைக் காட்டின. அங்கே உப்பு கடலிலிருந்து வந்தது. இங்கே சாயநீரிலிருந்து வந்தது. சிறுநீரகத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. சல்பேட் மிகுந்த நீர் வயிற்றுப்போக்கு உண்டாக்கும், கைக்குழந்தைக்கு அது சீக்கிரம் ஆபத்தாகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கிருமிக்குப் பயந்து நாம் கற்றுக்கொண்ட பாடம் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்பது. உப்புக்கும் உலோகத்துக்கும் அது உதவாது. காய்ச்சும்போது நீர் ஆவியாகிறது, உப்பு அப்படியே பாத்திரத்தில் நிற்கிறது, செறிவு கூடுகிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். நல்லெண்ணத்தோடு வீடு வீடாகச் சொல்லப்படும் அறிவுரை இந்த ஊர்களில் தவறான அறிவுரை.

அடுத்தது சாயம். துணிச் சாயங்களில் மிகப் பெரிய குடும்பம் அசோ சாயங்கள். இவற்றின் நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைந்த பிணைப்பு ஒன்று இருக்கும். நிறத்துக்குக் காரணம் அதுதான். ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். வெட்டினால் நிறம் போய்விடும், அரோமாட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் மிஞ்சும். எல்லா அமீனும் நஞ்சல்ல. ஆனால் பென்சிடின் போன்ற சில, சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று ஐயமின்றி நிறுவப்பட்டவை. ஃபிராங்க்ஃபர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் சாய ஆலைத் தொழிலாளர்களிடம் இந்தப் புற்றுநோயைக் கண்டு சொன்னது 1895இல்.

ஆக்ஸிஜன் இல்லாத இடம் என்றால் எது? நம் குடல் ஒன்று. அணையின் அடிச்சேறு இன்னொன்று. தேங்கிய நீர் சில மாதங்களில் நிறம் மங்கித் தெளிந்தால், கழிவு தானாகச் சுத்தமாகிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அப்போதுதான் பரிசோதனை தொடங்கியிருக்க வேண்டும்.

1994இல் ஜெர்மனி இத்தகைய அமீன்களை வெளியிடும் அசோ சாயம் போட்ட துணிகளுக்குத் தடை விதித்தது. திருப்பூர் அதற்குள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நகரம். இந்தியா 1997இல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களுக்கு அதற்கு முன்பே தடை வந்திருந்தது. நல்ல மாற்றம்தான், அதனால் இங்கேயும் உயிர்கள் காக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்தத் தடை பிறந்தது பனியனை அணிகிறவரின் தோலுக்காக. துணியில் ஒட்டிய சாயத்துக்கு இவ்வளவு கவனம் கிடைத்தபோது, துணியில் ஒட்டாமல் ஆற்றுக்குப் போன சாயத்துக்கு அதில் பாதி கவனமாவது கிடைத்திருக்க வேண்டும்.

உலோகங்களும் உண்டு. பச்சை கலந்த நீலம் தரும் சாயங்கள் சிலவற்றின் மூலக்கூறிலேயே தாமிரம் அல்லது நிக்கல் இருக்கிறது. குரோமியம், துத்தநாகம், ஈயம் ஆகியவை சாயங்களிலிருந்தும் துணை ரசாயனங்களிலிருந்தும் முலாம்பூசும் கழிவிலிருந்தும் வந்து சேரும். இவை நீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. வண்டலில் ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் கிடக்கும். வண்டலைக் கிளறும் மீன் வழியாகவும், கீரை வழியாகவும், பசுந்தீவனம் தின்ற மாட்டின் பால் வழியாகவும் மனிதனிடம் திரும்பி வர அவற்றுக்குப் பாதை இருக்கிறது.

இத்தனை தெரிந்தும், நொய்யல் கரையில் இந்த நோயாளிக்கு இந்த நோய் இந்தத் தண்ணீரால் வந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவுவது ஏன் கடினம்? புற்றுநோய்க்கு விதை விழுவதற்கும் கட்டி தெரிவதற்கும் இடையே இருபது ஆண்டு போய்விடும். அதற்குள் ஆள் ஊர் மாறியிருப்பார், கிணறு மூடியிருக்கும். ரத்த அழுத்தத்துக்கு நூறு காரணம் சொல்லலாம். தொடக்கத்திலேயே ஊர் ஊராக ரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, கர்ப்பகாலச் சிக்கல் ஆகியவற்றைக் கிணற்று நீரின் அளவோடு சேர்த்துப் பதிவு செய்திருந்தால் இன்று கையில் சான்று இருந்திருக்கும். இழப்பீட்டுக்காகத் தென்னை மரத்தின் காயை எண்ணியவர்கள் அந்த மரத்தடியில் குடியிருந்தவரின் ரத்த அழுத்தத்தை அளந்திருக்கலாம்.

வழக்கு

1989இலேயே தமிழக அரசு ஆணை எண் 213, ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் ஆலைகள் புதிதாக வரக் கூடாது என்றது. 1996இல் கரூர்ப் பகுதி நொய்யல் வாய்க்கால் விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். அதே 1996 ஆகஸ்டில்தான் பாலாற்றின் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பின் வழியே அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யலுக்கும் வந்தது. 2004 டிசம்பரில் அது 68 கிராமங்களின் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. தலைக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வரவில்லை. கணக்கிட்டது பயிர் இழப்பை.

2003இல் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடுத்த வழக்குதான் திருப்பத்தைக் கொண்டுவந்தது. 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலை 31க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 காசு, பிறகு 8 காசு, கடைசியில் 10 காசு கட்ட வேண்டும் என்றது. காசுக் கணக்கு சிறியதாகத் தோன்றலாம். எட்டுக் கோடி லிட்டருக்கு 6 காசு என்றால் நாளுக்கு 48 லட்சம் ரூபாய். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்து மூன்று மாதம் கெடு கொடுத்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்க ஆணையிட்டது.

ஒரே நாளில் ஊர் நின்றது. பின்னலாடைத் தொழிலில் பல லட்சம் பேர் பிழைத்தார்கள். வெளிமாவட்டத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களுடைய இழப்பை நான் சிறிதாகப் பார்க்கவில்லை. கூலிக்குச் சாயம் போட்டவர்கள் உப்பின் அளவைத் தீர்மானிக்கவில்லை, வெறுங்கையோடு சாயநீரில் நின்றவர்களும் அவர்கள்தான். பத்தாண்டுகள் கெடு தள்ளிக்கொண்டே போனதன் விலையைக் கடைசியில் அவர்கள் கொடுத்தார்கள்.

உப்பு எங்கே போனது

மூடல்தான் தொழில்நுட்பத்தை மாற்றியது. தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் முன்மாதிரியாகச் செய்து காட்டிய முறை பிறகு மற்ற நிலையங்களுக்கும் பரவியது. கழிவைப் பாக்டீரியாக்கள் தின்னவிட்டு, நுண்சவ்வு வழியாக வடிகட்டிப் பெரும்பகுதி நீரை மீட்டு, மிஞ்சும் செறிந்த உப்புநீரில் சோடியம் சல்பேட்டைப் பிரித்துத் திரும்பச் சாயம் போடவே பயன்படுத்துவது. குளோபர் உப்பின் கரைதிறன் குளிரில் வேகமாகக் குறையும். உப்புநீரைக் குளிர வைத்தால் அது படிகமாகத் தனியே விழும். பட்டறைகள் சமையல் உப்பை விட்டு குளோபர் உப்புக்கு மாறியதால் இது கைகூடியது. நீரும் உப்பும் மறுபடி பட்டறைக்கே போகின்றன. உலகத்துக்கே காட்டத்தக்க வேலை இது, திருப்பூர்க்காரர்கள் இதற்காகப் பெருமைப்படலாம்.

முழுமை இன்னும் வரவில்லை. மீட்க முடியாத கலப்பு உப்பும் வடிகட்டிய சேறும் சாக்குகளில் அடுக்கப்பட்டுக் கிடங்குகளில் சேர்கின்றன. சேற்றை எங்கோ வைத்துவிட்டால் முடிந்தது என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பார்த்தோம். தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத்தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிய தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். திருப்பூரில் கட்டுப்பாடு இறுகியதும் அனுமதியில்லாத சிறு பட்டறைகள் ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் முளைத்தன. அங்கே கழிவு காவிரிக்கே நேராகப் போகிறது. மழை பெய்து ஆறு ஓடும் இரவுகளில் கழிவைத் திறந்துவிடும் பழக்கமும் அற்றுப்போகவில்லை.

ஒரத்துப்பாளையம் அணையின் மதகுகள் நீதிமன்றத்தின் ஆணைப்படி தண்ணீரைத் தேக்காமல் விடுகின்றன. நீர் தேங்கவில்லை என்பதால் பழைய வண்டல் நல்லதாகிவிடவில்லை. ஏரி குளங்களின் வண்டல் மண்ணை விவசாயிகள் வயலுக்குக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு அனுமதிக்கிறது. தூர் வாரியதும் ஆகும், வயலுக்கு உரமும் ஆகும் என்ற நல்ல திட்டம். ஆனால் நொய்யல் வழிக் குளங்களிலும் சாய, தோல் கழிவு பாய்ந்த மற்ற நீர்நிலைகளிலும் மண்ணை அள்ளும் முன் குரோமியம், காட்மியம், ஈயம், நிக்கல் அளவுகளைச் சோதித்து, முடிவைக் குளக்கரையிலேயே பலகையில் எழுதிவைக்க வேண்டும். சோதிக்காத வண்டலை ஒரு டிராக்டர்கூட ஏற்றக் கூடாது.

அந்த 68 கிராமங்களிலும் செய்ய இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பதிவேட்டில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கட்டம், அந்த நீரின் கரைந்த உப்பளவுக்கு இன்னொரு கட்டம். சில நூறு ரூபாய் விலையுள்ள கையடக்க மீட்டர் கிராம செவிலியரிடம் இருந்தால் போதும், அளப்பது ஒரு நிமிட வேலை. சிறுநீரில் ரத்தம் என்று வருகிறவரிடம் எந்த ஊர், எந்தக் கிணறு, எத்தனை ஆண்டு, சாயப்பட்டறையில் வேலை செய்தது உண்டா என்று கேட்டு மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். 1992ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பிறந்து அந்த நீரோடு வளர்ந்த குழந்தைகள் இப்போது முப்பதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள்; இருபது ஆண்டு கழித்து வெளிப்படும் நோய்கள் தெரியத் தொடங்கும் வயது அது.